உட்காரத் தகுதியற்றவர்

"கா. வீரமலை, வயது முப்பத்தெட்டு, பம்புசெட் மெக்கானிக். மேற்படியார் நெடுநேரம் உட்காரத் தகுதியற்றவர் எனக் காணப்படுகிறார். ஆகவே இவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை அளிக்கலாம்."

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான். ஒரே தாள், ஒரே கை, ஒரே மை. முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் ஒட்டவில்லை என்பதை டாக்டர் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட மானேஜரும் கவனிக்கவில்லை. 1958-ல் தென்னூரில் இருந்த அந்தப் பம்புசெட் கம்பெனியில், தாளை முழுவதும் படித்தவர் யாரைப் பற்றி அது எழுதப்பட்டதோ அவர் ஒருவர்தான்.

திருச்சி ஜில்லாவில் அந்தக் காலத்தில் வீரமலையைப்போல் உட்கார்ந்த மனிதர் இன்னொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். கிராமங்களுக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் உறுமியது. உறுமல் நின்றால் துறையூரிலிருந்தோ முசிறியிலிருந்தோ ஒருவர் பஸ் பிடித்துத் தென்னூருக்கு ஓடி வருவார். அவர் திரும்பி ஊர் போய்ச் சேருவதற்குள் வீரமலை அவருடைய கிணற்றடியில் நின்றுகொண்டிருப்பார். பட்டாளத்து ஏலத்தில் சொந்தமாக வாங்கிய மோட்டார் சைக்கிள். பெட்ரோல் மட்டும் கம்பெனி. காலையில் துவாக்குடிப் பக்கம், மத்தியானம் மண்ணச்சநல்லூர், சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த சொந்த வீடு. ரோடு அவருக்குப் பிடித்திருந்தது. ரோட்டில் அவரை யாரும் கூப்பிட்டு நிறுத்தி, "அந்த பைலை எடுங்க" என்று சொன்னதில்லை.

வண்டியில் ஒரே குறை, சீட்டு. தோல் யுத்தத்திலேயே வெடித்துவிட்டது. கீழே இருந்த இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று உயிரோடு இருந்தது, ஒன்று பெயருக்கு இருந்தது. நாலு வருஷமாக ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓட்டியதில் அவருடைய காக்கி டிராயர்கள் வலப்பக்கம் மட்டும் தேய்ந்தன. ஒருநாள் குளித்தலையிலிருந்து திரும்பியவர் வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்க முடியாமல் சற்று நேரம் அப்படியே இருந்தார். மறுநாள் ஒரு தப்புச் செய்தார். கம்பெனிக்கு மனு எழுதினார்: சீட்டு சரியில்லை, வலிக்கிறது, மாற்றித் தர வேண்டும்.

மானேஜர் தங்கையன் நல்ல மனிதர். வம்பு வந்ததே அதனால்தான். கெட்ட மனிதராக இருந்தால் மனுவைக் கிழித்துப் போட்டிருப்பார், காரியம் அதோடு முடிந்திருக்கும். தங்கையன் சட்டத்தைப் புரட்டினார். சிப்பந்திக்கு வலித்தால் என்ன செய்வது என்று சட்டத்தில் இருந்தது. சீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. எனவே டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீரமலையைக் கூப்பிட்டார்.

"சார், நான் கேட்டது சீட்டு."

"அதத்தானே குடுத்திருக்கேன். ஸ்டோர்ல நாற்காலி. நல்ல தேக்கு. பக்கத்துலயே பேன். உங்க இடத்துல நான் இருந்தா சாமிக்குத் தேங்கா உடைப்பேன்."

"நான் ரோட்டு ஆளுங்க."

"இருந்தீங்க. இனிமே ஸ்டோர் ஆளு."

வீரமலை ஸ்டோருக்குப் போனார். நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை. காலையில் வந்தவர் மாலை மணி அடிக்கும்வரை நின்றார். நின்றே போல்ட்டு கொடுத்தார், நின்றே வாஷர் எண்ணினார், நின்றே டீ குடித்தார். வருகிறவர்கள் நாற்காலி தங்களுக்குப் போட்டது என்று நினைத்து உட்கார்ந்தார்கள். இரண்டு வாரம் போனபின் தங்கையனால் பொறுக்க முடியவில்லை.

"உட்காருங்களேன் வீரமலை. பாக்கிறவங்க என்னைத்தான் தப்பாப் பேசுறாங்க."

"டாக்டர் வேண்டாங்கிறாருங்க."

"டாக்டர் வண்டியில உட்காரக் கூடாதுன்னாரு."

"வண்டின்னு எழுதலைங்களே. உட்காரன்னுதான் எழுதியிருக்காரு."

தங்கையன் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார் என்றும் சொல்லலாம். கடைசியில், மெட்ராஸ் ஹெட் ஆபீசில் பெரிய டாக்டர் இருக்கிறார், அடுத்த மாதம் முதல் புதன்கிழமை நாலு மணிக்கு அவரிடம் அப்பீல் செய்யலாம், அவர் சொன்னால் ரோடு, இல்லையென்றால் ஆயுசுக்கும் ஸ்டோர் என்றார். ரயில் பாஸ் தருவதாகவும் சொன்னார்.

"பாஸ் வேணாங்க. வண்டியிலயே போயிட்டு வரேன்."

"இருநூறு மைலுங்க."

"தெரியுங்க."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மாரியாயி, வாழையிலைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தாள். தினமும் மேலூர்த் தோட்டங்களில் இலை வாங்கித் தலையில் சுமந்து ஸ்ரீரங்கத்து வீதிகளில் விற்பவள் அவள்.

"குளித்தலைக்குப் போயிட்டு வந்தே இறங்க முடியல. மெட்ராசுக்குப் போனா வண்டியோட சேத்துல்ல தூக்கிட்டு வரணும்?"

"சீட்டைச் சரி பண்ணிட்டுப் போறேன்."

"அதை மொதல்லயே பண்ணியிருந்தா இந்தப் பேச்சே இல்லீங்களே. எதுக்கு மனு எழுதுனீங்க?"

வீரமலை உள்ளே போய்த் தலையணை தேடினார்.

முதலில் இலவம்பஞ்சு. வீட்டிலேயே நல்ல தலையணையாகப் பார்த்துச் சீட்டின்மேல் கட்டினார். சமயபுரம் வரை ராஜா மாதிரி போனார். பாடாலூருக்குள் பஞ்சு இரண்டாகப் பிரிந்து, வேண்டிய இடத்தில் இல்லாமலும் வேண்டாத இடத்தில் மட்டும் இருந்தும் தன் கடமையைச் செய்தது. அடுத்து லாரி டியூபைப் பாதி காற்றடித்துப் போட்டார். நேர் ரோட்டில் சொர்க்கம். வளைவில் வண்டி ஒரு பக்கம் திரும்ப, அவர் இன்னொரு பக்கம் திரும்பினார். நொச்சியத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரர் இறங்கி வந்து கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார். மெத்தென்று இருந்தால் சுகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஐந்து மைலுக்கு அது சரி. ஐம்பதாவது மைலில் மெத்தைதான் முதல் எதிரி.

முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தவருக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே மாரியாயி கேட்டாள்:

"இலைக்கட்டு எனக்கு ஏன் தலை வலிக்கிறதில்ல, தெரியுமா?"

"உன் தலையில ஒண்ணுமில்ல, அதான்."

"சும்மாடு இருக்கு. உச்சியில சுமை படாம சுத்திலும்தான் தாங்கும். உங்களுக்கும் நடுவுல ஒரு பள்ளம் வேணுமுல்ல. குந்துற எலும்பு ரெண்டும் கெட்டியா எதுமேலயாவது இருக்கணும், வாலெலும்பு எதுலயும் படக் கூடாது."

பழம்புடவையை முறுக்கி வளையமாகச் சுற்றி, தான் தலையில் வைக்கும் சும்மாட்டைப்போல் இரண்டு பங்கு பெரிதாக ஒன்றைச் சீட்டில் வைத்துக் கட்டினாள். அடுத்த வீட்டு பவுனம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"தலையில வைக்கிறதை அடியில வைக்கிறீங்களே, வெளங்குமா? நாளைக்கு அடியில வைக்கிறதைத் தலையில வைப்பாரு போல."

"ஆபீஸ்ல அதைத்தான் அக்கா வைக்கிறாங்க," என்றார் வீரமலை.

சும்மாடு வேலை செய்தது. ஆனால் புடவை புடவைதான். மண்ணச்சநல்லூருக்குள் முடிச்சு அவிழ்ந்து, ஒரு முழத் துணி வண்டிக்குப் பின்னால் கொடி மாதிரி பறந்தது. ஆகவே பாலக்கரையில் ஜட்கா வண்டிகளுக்குத் திண்டு தைக்கும் ஷேக் தாவூதிடம் போனார். தாவூது வளையத்தை அமுக்கிப் பார்த்தார், சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"யாருங்க யோசனை?"

"வீட்ல."

"தேங்கா நாரு அடைச்சு, மேல கெட்டியா கித்தான் தச்சுடலாம். மேல வேணுமின்னா சுத்திலும் சிவப்புக் குஞ்சம், பித்தளைக் குமிழ்."

"குஞ்சம் வேணாம் பாய்."

"குமிழாவது?"

"அது மேல நான்தான் பாய் உட்காரணும்."

தாவூது அரைமனதாக ஒப்புக்கொண்டார். கித்தானுக்கு மேல் உறையூர்த் தறித்துணி ஒரு சுற்று, வேர்வையைக் குடிப்பதற்கு. டிராயரிலும் மாரியாயி கை வைத்தாள். அடியில் இருந்த தையலைப் பிரித்து, உட்காரும் இடத்தில் படாதபடி பக்கத்துக்கு மாற்றினாள். வழக்கு மெட்ராசுக்குப் போகத் தயாராயிற்று.

புதன்கிழமை விடியும்போது வீரமலை கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினார். பெரம்பலூரில் வலி இல்லை. இருந்தும் இறங்கினார், வெற்றிலை வாங்கி நடந்துகொண்டே போட்டார். தொழுதூரில் வலி இல்லை, இறங்கினார். உளுந்தூர்ப்பேட்டையில் தேவையே இல்லாமல் ஒரு டீ. வலித்த பிறகு இறங்கினால் வலியும் கூடவே மறுபடி ஏறிக்கொள்ளும் என்பதை நாலு வருஷத்தில் அவர் கற்றிருந்தார். மோசமான ரோட்டில் மிதிகட்டையில் காலூன்றி எழுந்து, முழங்காலை மடக்கி, குலுக்கலை வண்டியோடு விட்டார். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். நன்றாக உட்காருவது என்றால் ஒரே மாதிரி உட்காராமல் இருப்பது. சர்டிபிகேட் எழுதுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம்.

திண்டிவனத்தில் சாப்பிடப் போனபோது வண்டி வெயிலில் நின்றது. திரும்பி வந்து தொட்டால் தோசைக்கல். ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினார். அது தப்பு. ஈரத்துணியில் உட்கார்ந்தால் தொடை உரிந்துவிடும். நார் காயும்வரை நின்றுகொண்டே ஓட்டினார். எதிரே வந்த லாரிக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

"என்ன அண்ணே, சீட்டு திருடு போயிடுச்சா?"

"உட்கார லாயக்கில்லைன்னு சர்டிபிகேட் இருக்கு தம்பி."

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், புருவமெல்லாம் செம்மண்ணாக, ஹெட் ஆபீஸ் டாக்டர் முன் வந்து நின்றார். டாக்டர் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க."

வீரமலை நாற்காலியைப் பார்த்தார். அதுவும் தேக்கு. உட்கார்ந்தால், நாற்காலிக்கு லாயக்கு, ஸ்டோருக்கு அனுப்பு என்பார்கள். உட்காராவிட்டால், வண்டிக்கு லாயக்கில்லை, ஸ்டோருக்கு அனுப்பு என்பார்கள். வழி இரண்டும் ஒரே கதவுக்குத்தான் போகிறது என்று தெரிந்தபின், மரியாதைக்காவது நிற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"வேணாங்க. காலையிலேர்ந்து உட்கார்ந்துதான் வந்தேன்."

"முடியலையா?"

"முடியுங்க. மாட்டேங்கிறேன்."

"எதுல வந்தீங்க?"

"மோட்டார் சைக்கிள்ல. திருச்சியிலேர்ந்து."

டாக்டர் பேனாவை எடுத்தார். "அதான் பார்த்தேன். இப்படி இருநூறு மைல் வந்தா எப்படி உட்கார முடியும்?"

சாட்சியையே வியாதியாக எழுதிக்கொள்ளும் கோர்ட்டில் வாதாடிப் பயனில்லை. சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. குறை தெரியாததால் கூடுதல் எச்சரிக்கையாக எழுதினார்கள்: மேற்படியார் எவ்வகை இருக்கையிலும் உட்காரத் தகுதியற்றவர். வீரமலை அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிரவு தாம்பரத்தில் ஒரு சத்திரத்தில் படுத்துவிட்டு, காலையில் திருச்சிக்கு வண்டியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை தங்கையன் தாளைப் படித்தார். இந்தத் தடவை முழுவதும் படித்தார்.

"எவ்வகை இருக்கையிலும்னு போட்டிருக்கே. அப்ப நாற்காலியும் கிடையாதே. உங்களை நான் எங்கதான் வைக்கிறது?"

"என்னை எங்கயும் வைக்க வேணாங்க."

"வேலை போயிடுமே, வீரமலை."

"வேலை துறையூர்ல, முசிறியில இருக்குங்க. இங்க நாற்காலிதான் இருக்கு."

கம்பெனியின் ஸ்பானர்களைத் துடைத்து, அந்தத் தேக்கு நாற்காலியின்மேல் வரிசையாக அடுக்கினார். முதல் தடவையாக அவர் சார்பில் அதில் ஏதோ ஒன்று உட்கார்ந்தது. "வரேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியை உதைத்தார்.

முதல் இரண்டு மாதம் வீட்டில் இலைக் காசுதான். மாரியாயி அதைச் சொல்லிக் காட்டவில்லை என்று சொல்ல முடியாது. தினமும் சொல்லிக் காட்டினாள், தினமும் சும்மாட்டையும் வெயிலில் காயவைத்தாள். பிறகு மோட்டார் நின்ற விவசாயிகள் தென்னூருக்குப் போவதை விட்டு மேலூருக்கு வர ஆரம்பித்தார்கள். "சும்மாட்டுக்காரர் வீடு எது?" என்றால் பவுனம்மாளே கை காட்டினாள். அடுத்த கோடையில் தங்கையனே வந்தார். கம்பெனி விற்ற மோட்டார்களைப் பார்க்க ஆள் இல்லை. வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்ளலாம், பழசையெல்லாம் மறந்துவிடலாம் என்றார்.

"மறக்கிறதுக்கு ஒண்ணுமில்லைங்க. அந்த மனு இன்னும் உங்ககிட்டதானே இருக்கு? அதுக்கு ஒரு பதில் போட்டுடுங்க."

மனுவுக்குப் பதிலாகத் தாவூதின் தையல்கூலியைக் கம்பெனி கட்டியது. சர்டிபிகேட்டுகள் இரண்டையும் யாரும் ரத்து செய்யவில்லை. இன்றும் ஏதோ ஒரு அலமாரியில் வீரமலை உட்காரத் தகுதியற்றவராகத்தான் இருப்பார்.

அவர் திருச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து மெட்ராசுக்குப் போனார். தன்னால் உட்கார முடியாது என்ற சான்றிதழை அங்கே நின்றபடி வாங்கிக்கொண்டார். உட்கார்ந்தபடியே திரும்பி வந்தார்.