இணைப்புச் சொல்

மகளின் கட்டுரைக் கொப்பியில் சிவப்பு மைக்கோட்டைக் கண்டால் போதும், நான் படித்த மடத்துவெளிப் பள்ளிக்கூடத்தில் உப்புக் காற்றுக்குப் பிசுபிசுத்துக் கிடந்த, நாங்கள் நெருக்கி உட்காரும் வாங்குகளும், கட்டுரையின் ஒவ்வொரு பந்தியும் தலைமை வசனத்தோடு தொடங்கவேண்டும், முந்தைய பந்தியோடு ஓர் இணைப்புச் சொல்லால் கட்டப்படவேண்டும் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லும் தமிழ் ரீச்சரின் குரலும் ஒன்றாக வந்துவிடுகின்றன. 'எனினும்', 'ஆகவே', 'அதன்பின்னர்' என்று கடலிரைச்சலுக்கு மேலால் கத்தி ஒப்புவிப்போம். உலகத்தில் எல்லாமே அப்படித்தான் கோத்திருக்கும் என்று நான் நம்பியிருந்த வயது அது.

தெற்கில், சிங்களப் பகுதிகளில், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்து முடிந்த பள்ளித் தவணையில், என் பக்கத்தில் இருந்த மலர் 'எங்கள் குடும்பம்' என்ற தன் கட்டுரையை எழும்பி நின்று வாசித்தாள். "அப்பாவுக்குத் தெற்கில் கடை இருக்கிறது" என்று தொடங்கிய முதற்பந்தி முழுக்க அவர் கொண்டுவரும் பிஸ்கற் பெட்டிகளும் சட்டைத்துணிகளுமாக இருந்தது. அடுத்த பந்தி, "அம்மா இப்போது பொட்டு வைப்பதில்லை" என்று தொடங்கியது.

"இரண்டு பந்திக்கும் இடையிலை இணைப்புச் சொல் எங்கை, பிள்ளை?" பழக்கதோஷத்தில் ரீச்சர் கேட்டுவிட்டார்.

மலர் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"இடையிலை என்ன நடந்ததெண்டு எங்களுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை, ரீச்சர்."