பச்சை சீட்டா, நீல சீட்டா?

போன வாரம் என்னை ஒருத்தி புளுகுணி ஆக்கிவிட்டாள். அதுவும் யார்? என் பள்ளிக்காலத் தோழி எஸ்தர்!

எஸ்தருக்குச் சின்ன வயதிலேயே காய்ச்சலில் பார்வை போய்விட்டது. திருப்பதியில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் பஸ் டிக்கெட் புக் செய்கிறாள். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் அவள் காதில் படித்துச் சொல்லும். எல்லாம் சரிதான்... புது சாஃப்ட்வேர் வரும்வரை.

புதியதில் காலி சீட் பச்சை, விற்ற சீட் சிவப்பு. எழுத்தில் ஒன்றும் கிடையாது. நிறத்துக்கெல்லாம் ஸ்கிரீன் ரீடர் வாயே திறக்காது. விற்ற சீட்டை ஃபோனில் இன்னொருவருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டாள். அவர் நேரில் வந்து சண்டை.

“சூடம்மா, இங்க பாரும்மா, திங்கக்கிழமையிலேந்து வேற ஆள வச்சிக்கிறேன்” என்றார் ஓனர், தெலுங்கும் தமிழும் கலந்து.

அழுதாளா? எஸ்தரா! நிறத்தையும் சொல்லும்படி ஸ்கிரீன் ரீடருக்கு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், எழுத உட்கார்ந்துவிட்டாள். சரிபார்க்கக் கண் வேண்டுமே... சித்தூரிலிருந்து என்னை வரவழைத்தாள்.

எனக்கு இது பழைய உத்தியோகம். கிறிஸ்மஸ் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தை வாய்க்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு, யார் என்ன கலர் புடவை என்று சபை முழுவதையும் அவள் காதில் ஓதுவேன். “பச்சைன்னா எந்தப் பச்சைடி? மாங்கா பச்சையா, கிளிப் பச்சையா?” என்று குடைவாள். அந்த நாட்களை நினைத்தால் சிரிப்பும் ஏக்கமும் சேர்ந்தே வருகின்றன.

சரி, ஆபீஸுக்கு வருவோம். ஆரோ கீயை அழுத்தி ஒரு சீட்டுக்குப் போனாள்.

“இது இன்னா கலரு?”

“பச்சை.”

“நீலம்னு சொல்லுதே!”

அடுத்த சீட்டை நான் ‘சேப்பு’ என்றேன். அதற்கும் நீலம் என்றது மிஷின்.

எஸ்தர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“அப்ப... என் கல்யாண ரிசப்ஷனுக்குக் கட்டிக்கினு நின்னேனே, அந்தப் பொடவை? மெய்யாலுமே மாம்பழ மஞ்சள்தானா?”

வேலை போகிற கவலையைவிடப் பெரிய கவலை அவள் முகத்தில். இத்தனை வருஷமாக அவள் பார்த்த நிறமெல்லாம் என் வாய்வழி வந்தவை. அவை பொய்யென்றால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்?

“இரு... அந்த சீட்ட வுட்டு நகரு” என்றேன்.

நகர்ந்தாள். நீலம் போய் மறுபடி சிவப்பு. அட! கர்சர் வந்து நின்றதும் சீட் நீலமாகிறது. அகன்றதும் பழைய நிறம். கர்சர்தானே என்று என் கண் அந்த நீலத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல், அது வருமுன் பார்த்த நிறத்தையே சொல்லியிருக்கிறது. அவள் ஸ்கிரிப்ட்டோ அதை மட்டும்தான் பார்த்திருக்கிறது.

“அப்ப நீயும் நெசம், அதுவும் நெசம்!” சிரித்துவிட்டாள். கர்சர் போய் நிற்பதற்கு முன்பே நிறத்தைப் பார்த்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்ட்டை மாற்றினாள். திங்களன்று ஓனர் எதிரிலேயே சீட் சீட்டாகச் சொல்லிக் காட்டினாள். வேறு ஆள் பேச்சு அதோடு போயிற்று.

நேற்று அவள் ஆபீஸ் பக்கம் போனேன். ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி, கீயை அழுத்தினாள்.

“பச்சை... பச்சை... சேப்பு...”

ஸ்கிரீன் ரீடர் குரல் இல்லை. என் குரல்! அன்றைக்கு நான் பேசியதை ஃபோனில் பதிந்து ஸ்கிரிப்ட்டில் சேர்த்திருக்கிறாள்.

“மிஷின் சொன்னா நம்பிக்கை வரலடி” என்றாள்.

சம்பளம் கிடையாது... ஆனால் பர்மனென்ட்!