ரூ காயில் என் பிரெஞ்சு

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்குள் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். ஊரில் எவடம் என்று விசாரித்த கடைக்காரர், இப்போது மொன்றியலில் இருக்கிறேன் என்றதும் முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைக்கிறார்.

"அண்ணை, கனடா இங்கிலிஷ் நாடுதானே? பிறகேன் உங்கடை பக்கம் பிரெஞ்சுக்கெண்டு தனிச்சட்டம்? ஒரு நாடெண்டா ஒரு மொழிதான் இருக்கவேணும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. "தம்பி, ஒரு நாடு ஒரு மொழி எண்டவங்களாலைதானே நாங்கள் ஊரைவிட்டு ஓடி வந்தனாங்கள்? அங்கை சுத்திவர இங்கிலிஷ். சட்டம் இல்லாட்டி அந்தப் பிரெஞ்சுச் சனத்தின்ரை பிள்ளையளும் இங்கிலிஷுக்கு மாறிடுங்கள்."

"ஓம், அது ஞாயம்தான்" என்கிறார். அவர் கண் கல்லாவில் இருக்கும் மகளிடம் போகிறது. அவர் தமிழில் கேட்டதற்கெல்லாம் அவள் பிரெஞ்சிலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மொன்றியலில் இருபத்தெட்டு வருடமாகப் பிரெஞ்சிலேயே பேசி பஸ் ஓட்டுகிறவன் நான். அவளிடம் பிரெஞ்சில் ஒரு பை கேட்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு ஒரு கணம் விழிக்கிறாள். பிறகு, வழி தெரியாதவருக்கு உதவும் அன்போடு, இங்கிலிஷில் பதில் சொல்கிறாள்.

நானும் இங்கிலிஷிலேயே நன்றி சொல்லிவிட்டு மழைக்குள் இறங்குகிறேன்.