மூன்றாவது விசில்

குக்கர் விசிலுக்கும் கண்டக்டர் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்பவர்கள், இரண்டையும் ஒரே சமையலறையில் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மூலையிலிருந்துதான் வந்தன. அந்தக் கூத்தில் என் வேலையே போகப் பார்த்தது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். எனக்கு வேலை சிதம்பரத்தில், மேல வீதிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில். டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட்டை டைப் அடிக்க வேண்டும். பிறக்கப்போகிற பிள்ளைகளின் தலைச் சுற்றளவையும் எடையையும் நாளெல்லாம் அடிப்பேன். பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நான் நானாக இருந்தேன். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கணவர் என் அத்தை மகன்தான். மாமா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் என்னிடம் குட்டு வாங்கியவர், கல்யாணத்துக்குப் பிறகு அதற்கெல்லாம் வட்டி போட்டுக்கொண்டிருந்தார். பூச்சிமருந்து கம்பெனியில் விற்பனை வேலை; திட்டக்குடி, சேத்தியாத்தோப்பு என்று கடை கடையாகச் சுற்றிவிட்டு இருட்டிய பிறகுதான் வருவார். ஆறாவது படித்த மகள் ஸ்கூல் விட்டு நாலரைக்கு வந்துவிடுவாள். நான் வந்து சேர ஆறரை ஆகும். நடுவில் அவள் தனி. கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார்தான், ஆனால் சாயங்காலம் சீரியல் ஓடும்போது வீடு பற்றி எரிந்தாலும் விளம்பரம் வந்தால்தான் எழுந்திருப்பார்.

"முழுப்பரீட்சை வரைக்கும் பாப்போம்," என்று சொல்லியிருந்தார் மாமா. "நடுவுல எதனா ஒண்ணு ஆச்சுன்னா வேலைய வுட்டுடணும். அப்பறம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

நானும் வீறாப்பாகச் சரி என்றுவிட்டேன். அந்த 'எதனா ஒண்ணு' எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் செல்போனில் ஒரு திட்டம் வந்தது. இரண்டு நம்பரைச் சேர்த்துவிட்டால் தங்களுக்குள் எவ்வளவு நேரம் பேசினாலும் காசில்லை. ஒரு செல் என் கைப்பையில், இன்னொன்று வீட்டில். வீட்டில் டவர் கிடைத்ததோ சமையலறை ஜன்னலோரம் மட்டும். ஹாலுக்கு எடுத்து வந்தால் போன் செத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் சாய்த்து, ஸ்பீக்கரைப் போட்டு வைத்துவிடுவாள் மகள். நான் சிதம்பரத்தில் பஸ் ஏறியதும் கூப்பிடுவேன். இறங்கும்வரை லைன் அப்படியே இருக்கும்.

ஐயோ, அந்தப் பயணங்கள்! ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையைக் காதைச் சுற்றி இழுத்து, அதற்குள் போனைச் செருகிக்கொள்வேன். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒரு காதில் காற்று, மறு காதில் எங்கள் வீட்டு மின்விசிறி. கீழே தண்ணீர் மஞ்சளாகக் கிடக்கும். போனுக்குள் யாரோ குழாயைத் திறப்பார்கள். பாதித் தூக்கத்தில் ஆற்றுத் தண்ணீர்தான் எங்கள் பக்கெட்டில் விழுகிறது என்று தோன்றும். முந்திரித் தோப்புகள் ஓடும். அவற்றுக்கு நடுவே மகள் செருப்பு தேயத் தேய நடப்பாள், ஏதோ ஒரு பாட்டை முனகுவாள், பூனையைத் திட்டுவாள். சில நாள் நான் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன், வீடுதான் கடலூரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பிவிடுவேன். எங்கள் ஸ்டாப்புக்குச் சற்று முன்னால், முதுநகரில் கருவாட்டு வாசனை மூக்கில் ஏறும்போதுதான் முழிப்பு வரும். எங்கள் பக்கம் அந்த ஊரை யாரும் முதுநகர் என்பதில்லை, ஓல்டு டவுன் என்பதைச் சுருக்கி ஓ.டி.தான்.

அரிசியைக் களைந்து குக்கரை ஏற்றுவது மகளின் வேலை. ஏற்றிவிட்டு ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மூன்று விசில் வந்ததும் உள்ளே போய் அணைக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆரம்பத்தில் ஒரு நாள் என் கன்னம் பட்டு என் போனிலும் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டது. எங்கள் குக்கர் அடித்த விசிலைக் கேட்டு டிரைவர் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டார். இறங்க ஆளே இல்லை.

"யம்மா, ஒங்க வூட்டுச் சோறு வெந்தா எங்க வண்டி நிக்கணுமா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் ரைட், கிளம்பு. பஸ்ஸில் ஏறுகிற யாருக்கும் தெரிந்த கணக்கு. அதே கணக்கு என் வீட்டுக்குள்ளும் போகும் என்று நான் நினைக்கவில்லை.

அன்று நல்ல அசதி. வழக்கம்போல் தூங்கிவிட்டேன். வீடு வந்து சேர்ந்தால், என்றும் இல்லாத திருநாளாக மாமா எனக்கு முன்னால் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மதியம் திட்டக்குடியில் சாப்பிடவில்லையாம், அகோரப் பசி. காலையில் வைத்த குழம்பைச் சூடுபண்ணி, தட்டு வைத்துச் சோற்றைப் போட்டேன். ஒரு வாய் வைத்தவர் மெல்வதை நிறுத்தினார்.

"இது சோறா அரிசியா? கோழிக்குப் போட்டாக்கூட அது நம்மள மொறைக்கும்."

"மூணு விசில் வந்துச்சுப்பா," என்றாள் மகள். "நான் எண்ணுனேன். மொதல்ல ஒண்ணு நீளமா வந்துச்சு. அப்பறம் ரெண்டு குட்டியா, படபடன்னு."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முதல் விசில் குக்கர். மற்ற இரண்டும் கண்டக்டர். என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று எந்த ஊரிலோ அவர் கொடுத்த 'ரைட்' போனுக்குள் போய், எங்கள் அலமாரியில் அடித்து, அடுப்பை அணைத்திருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"சிரிக்காத. இன்னிக்கு வேவல, போவட்டும். நாளைக்கு அணைக்காம வுட்டா? கேஸ் அடுப்பு அது, சொப்பு சாமான் இல்ல. நீ என்னான்னா பஸ்ஸுல தூங்கினு வர்றே. சொன்னபடி எழுதிக் குடுத்துட்டு நின்னுடு."

"நல்லா இருக்கு மாமா நாயம்! அரிசி வேவலன்னா என் வேலையத் தூக்கி அடுப்புல வைப்பீங்களா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர உள்ளுக்குள் எல்லாம் இறங்கிவிட்டது. அவர் சொன்னதில் பாதி நியாயம். அதுதான் எரிச்சல்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. அம்மா வேலைக்குப் போவாம வூட்டுலயே இருந்தா ஒனக்கு நல்லாத்தான இருக்கும்?"

எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள்.

"வேணாம்ப்பா."

"ஏன்டா?"

"வூட்டுலயே இருந்தா அம்மா எப்பிடிப்பா வருவாங்க?"

எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அவள்தான் பொறுமையாக, மண்டுகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "நான் டெய்லியும் கேப்பேன்ல. பாலத்துல காத்து ஜாஸ்தியா கேக்கும். புதுச்சத்திரத்துல வறுத்த வேர்க்கல்லன்னு ஒருத்தர் கத்துவாரு. அப்பறம் அம்மா கொறட்ட. கொறட்ட நின்னுச்சுன்னா ஓ.டி. வந்துட்டாங்கன்னு அர்த்தம். அப்ப நான் மூஞ்சி கழுவிட்டு வாசல் லைட்ட போடுவேன்."

நான் போன் வழியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னடாவென்றால், என்னை ஊர் ஊராகக் கூட்டி வந்திருக்கிறாள்.

மாமா தட்டோடு எழுந்தார். சோற்றைத் திரும்பக் குக்கரில் கொட்டி, தண்ணீர் விட்டு, அடுப்பில் ஏற்றிவிட்டு அங்கேயே நின்றார். எழுதிக் குடுத்துடு என்ற பேச்சை அவர் வாபஸ் வாங்கவும் இல்லை, மறுபடி எடுக்கவும் இல்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் சென்டரில் கம்ப்யூட்டரை அணைக்கும்போது இதுதான் கடைசியோ என்று கீபோர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அதே ஜன்னலோரம். பாலம் போயிற்று, முந்திரித் தோப்பு போயிற்று, நானும் எங்கோ போயிருந்தேன். கருவாட்டு வாசனையில் கண்ணைத் திறந்தேன். முந்தானைக்குள் போன் சூடாக இருந்தது. உள்ளே மகள் குரல், கிசுகிசுப்பாக:

"கொறட்ட நின்னுடுச்சுப்பா. ஓ.டி."

பிறகு மாமாவின் குரல். அந்த நேரத்தில் அவர் சேத்தியாத்தோப்பில் இருக்க வேண்டும்.

"அப்ப அரிசிய வச்சிடலாம். அவ வர்றதுக்கும் சோறு எறக்கறதுக்கும் சரியா இருக்கும். இனிமே நீ அடுப்பு பக்கம் போவாத, சாயங்காலம் நான் வந்து வச்சிக்கிறேன். சேத்தியாத்தோப்ப காலையிலயே முடிச்சுடறேன். நீ அம்மா எங்க வர்றாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடியும் அடங்கவில்லை. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த பெண் பயந்துபோய் என் தோளைத் தொட்டார்.

"என்னாச்சும்மா? வூட்டுல எதனா ஒண்ணா?"

"ஒண்ணும் இல்லக்கா," என்றேன். "வூட்டுல குக்கர் வைக்கிறாங்க."