போத்தலின் அடியில் மினுங்கியது

போன வருடத்துக் கோடைகாலம். மெல்பேர்னில் ஒரு சின்னப் பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் கிச்சன் ஹாண்டாக வேலை செய்துகொண்டிருந்தேன். கழுவுவது, வெட்டுவது, கூல்ரூம் என்ற குளிரறையில் சாமான் அடுக்குவது என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். யாராவது என் முன்னால் எதையாவது எழுதினால், என்னைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்று பயந்துவிடுவேன்.

அப்போது மேசைகளில் பரிமாற ஒரு பெண் புதிதாக வந்தாள். மதுரைப் பக்கம். கிளேட்டன் என்ற புறநகரில் கணவனோடும் குழந்தையோடும் இருந்தாள். இரண்டு வாரம் வேலை செய்து காட்டவேண்டும், பிடித்தால்தான் முதலாளி வைத்திருப்பார். தமிழ்ப் பிள்ளை என்று முதலில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. காலையில் கூல்ரூமுக்குள் போவாள், ஒரு வெள்ளை வைன் போத்தலை எடுத்து உற்றுப் பார்ப்பாள், கொப்பியில் ஏதோ எழுதுவாள். என்னைக் கண்டதும் டக்கென்று மூடிவிடுவாள். என் பிழைகளை எழுதி முதலாளியிடம் கொடுக்கிறாளோ?

இரண்டு வாரம் முடிவதற்கு முதல்நாள் அவள் கையில் ஒரு வைன் கிளாஸ் உடைந்தது. அவசரமாகக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் மீன் எடுக்கக் கூல்ரூமுக்குள் போனேன். அவள் திறந்து வைத்திருந்த போத்தலின் அடியில் ஏதோ மினுங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடித் தூள்! அதற்குள் அவளே வந்து போத்தலை வாங்கி, சிப்பித் தட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஓடிப்போய் மறித்தேன்.

"விடுங்கண்ணே, டேபிள்ல வெயிட் பண்றாங்க."

"போத்தலை வையும் தங்கச்சி! நேற்றுக் கிளாஸ் உடைச்சனீர்தானே? இதுக்குள்ள கண்ணாடி கிடக்கு. சனத்தைக் கொல்லப் போறீரோ?"

நான் போட்ட சத்தத்தில் முதலாளி வந்துவிட்டார். உடைந்த கிளாஸ், கொப்பி எல்லாவற்றையும் அரைகுறை ஆங்கிலத்தில் கொட்டினேன். அவள் முகம் வெளிறிப்போனது. "சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலண்ணே" என்றாள்.

முதலாளி வைனை ஒரு ஜக்கில் ஊற்றி, அடியில் கிடந்ததை உள்ளங்கையில் தட்டினார். வாயில் போட்டுக் கடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ சிரித்தார். திறக்காத இன்னொரு போத்தலைத் தலைகீழாகப் பிடித்தார். அதற்குள்ளும் அதே மினுமினுப்பு. திராட்சையின் புளிப்புத்தான் இப்படிக் கல்லாகப் படிந்திருக்கிறதாம், ஒரு கேடும் இல்லையாம். கடும் குளிரில் கிடந்தால் வருமாம். பிறகு, கூல்ரூமை இவ்வளவு குளிராக்கியது யார் என்று கேட்டார்.

நான்தான். அந்த வெயிலில் மீனும் சிப்பியும் பழுதாகிப் பழி என் தலையில் விழுந்துவிடும் என்று பயந்து, இரண்டு வாரமாக ஒருவருக்கும் சொல்லாமல் குளிரைக் கூட்டிக்கொண்டே வந்திருந்தேன்.

அவளைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நானே ஒப்புக்கொண்டேன். முதலாளி தலையை ஆட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பி, இந்த வைனைப் பற்றிச் சொல் என்றார். அன்று அவளுக்குப் பரீட்சையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புவித்தாள். பெயர் மஸ்கடே, பிரான்சின் லுவார் ஆறு அத்திலாந்திக் கடலில் விழும் பக்கத்தில் விளைவது, இனிப்பில்லாதது, சிப்பிக்கும் மட்டிக்கும் பொரித்த மீனுக்கும் பொருத்தம். கொப்பியில் இருந்தது இவ்வளவுதான். வேலை அவளுக்குக் கிடைத்தது.

மதிய வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஜக்கிலிருந்த வைனை முதலாளி எல்லோருக்கும் கொஞ்சம் ஊற்றினார். வெறும் வாயில் பல் கூசியது. பொரித்த மீனைக் கடித்துக்கொண்டு குடித்தால், தேசிக்காய் பிழிந்துவிட்ட மாதிரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கொப்பியை ஏன் தங்கச்சி மூடினனீர்?"

"இந்த வயசுல மனப்பாடம் பண்றாளேன்னு சிரிப்பீங்களோன்னுதாண்ணே."

"நான் குளிரைக் கூட்டினது தெரியுமோ?"

"தெரியும். தினம் அந்தக் குளிர்க் குமிழைத் திருகுறதைப் பார்த்தேனே."

"பிறகேன் சொல்லேல்லை?"

"மீன் கெட்டுடக் கூடாதுன்னு பண்றீங்கன்னு நினைச்சேன். அதானே?"

ஒரே கூல்ரூமுக்குள்தான் நான் அவளைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். யாராவது கொப்பியும் கையுமாக நின்றால் இன்றைக்கும் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது, ஆனால் அந்த "அதானே?" ஒருமுறை காதில் கேட்டபிறகுதான் வாயைத் திறக்கிறேன்.