நான்கைவிடச் சிறிய பன்னிரண்டு

எங்கள் நீலகிரி மலையூர் எமரால்டில் ஐவியின் அனுமதி இல்லாமல் தெர்மாமீட்டர் இறங்காது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். இறங்கும், இறங்கியதை அவள் ஒப்புக்கொள்ளத்தான் நேரமாகும்.

என் மாடியில் குடியிருக்கிறாள். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை, மடியில் வெந்நீர்ப் பை. திரையில் எது வந்தாலும் உடனே கூட்டவோ ஒப்பிடவோ மாட்டாள். முதலில் ஒரு கட்டளையைத் தட்டி, நீ எண்ணா, எழுத்தா என்று விசாரிப்பாள். கம்ப்யூட்டர் பதில் சொல்லும். அதன் பிறகுதான் அடுத்த வரி.

"மூஞ்சியப் பாத்தா எல்லாம் நம்பர் மாதிரித்தான் இருக்கும் டீச்சர். கேட்டாத்தான் குட்டு வெளிய வரும்" என்பாள்.

போன குளிர்காலம்வரை அவள் இவ்வளவு விசாரிக்கிறவள் இல்லை. ஊர்க் கேரட் தோட்டங்களில் வெப்பம் அளக்கும் பெட்டிகளை நட்டு, உறைபனி வரும் முன் போனுக்குச் செய்தி போகும்படி ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் எழுப்ப வேண்டும் என்பதைத் தோட்டக்காரர்களே போனில் தட்டிக்கொள்ளலாம். பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து நான்கு என்று தட்டினார்.

ஒரு சாயங்காலம் உறைபனி வருகிறது என்று அவருக்குச் செய்தி வந்தது. பனியில் இலை கருகாமல் இருக்க மோட்டாரைப் போட்டு, ஸ்பிரிங்ளரைத் திறந்து, தோட்டத்தைக் குளிப்பாட்டினார். பனி வரவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அதே செய்தி. பஸ் ஸ்டாப்பில் விட்டுவிடுவார்களா?

"ஏனுங் நாச்சிமுத்தண்ணா, குல்லாயக் காணோம்? பனி கொட்டுதாமா!"

அவர் நேரே மாடியேறினார். "ஏம்மிணி, இது பனிப் பொட்டியா, பகடிப் பொட்டியா? இன்னொருக்கா பொய் சொல்லட்டும், புடுங்கி டேமுக்குள்ள வீசிப்போடறேன்."

அவர் பிடுங்கினால் மற்றவர்களும் பிடுங்குவார்கள். நிஜமாகப் பனி விழும் அன்று எழுப்ப ஆள் இருக்காது. ஐவி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தாள். அன்று சாயங்காலம் பெட்டி அனுப்பிய பன்னிரண்டு டிகிரியும், அவர் தட்டிய நான்கும், இரண்டுமே எழுத்தாக வந்து சேர்ந்திருந்தன. எழுத்து என்றால் கம்ப்யூட்டருக்கு அகராதி வரிசைதான். இலக்கத்தில் எழுதினால் பன்னிரண்டு ஒன்றில் தொடங்குகிறது. ஒன்று நான்குக்கு முன்னால் வரும். ஆகவே பன்னிரண்டு சிறியது என்று தீர்ப்பு எழுதிவிட்டது. நடுப்பகல் பத்தொன்பதுக்கும் அதே தீர்ப்பு.

"கேக்காம நம்பிட்டேன்" என்றாள். இரண்டையும் எண்ணாக மாற்றினாள். அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்குப் போகிற செய்தியைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாள்.

இந்த ஜனவரியில் ஒரு விடியலுக்கு முன் நிஜமாகவே இறங்கியது. விசாரித்தாள், எண்தான். அனுப்பினாள். செய்தியைக் கண்ட நொடியில் நாச்சிமுத்து கம்பளியை உதறிவிட்டுப் பாய்ந்து போய்த் தண்ணீரைத் திறந்தார், கேரட் தப்பியது. இதுவரை எழுதி, எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த அவர்கள் இருவருக்கும் படித்துக் காட்டினேன்.

நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கீங்க பாஞ்சேன்? அந்தப் பொட்டிய நம்பியா? மொதல்ல பள்ளத்துப் புல்லப் போயித் தொட்டுப் பாத்தேனுங். வெரல்ல வெள்ளையா ஒட்டுச்சு. அதுக்கப்பறந்தான் மோட்டாரு."

ஐவி வர்க்கித் தட்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.