நான் வெட்டிய முடிச்சு

முக்கூடலில் பீடி சுற்றுகிறவள் நான். போன வருடம் படித்துறையில் வழுக்கி விழுந்ததில் என் நான்கு வயது மகளுக்குக் கீழுதட்டின் உள்பக்கம் கிழிந்துவிட்டது. திருநெல்வேலி டவுணில் ஒரு டாக்டரம்மா மூன்று தையல் போட்டு, "ஒரு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாம்மா" என்றார். தையல் பிரிக்கத்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் முடிச்சின் நுனி குத்துகிறது என்று அழுதாள். நாள் முழுக்க பீடிக்கு நூல் கட்டுகிற எனக்கு ஒரு முடிச்சு பெரிய காரியமா என்று, இலை வெட்டும் கத்தரியை வெந்நீரில் கழுவி முடிச்சை வெட்டிவிட்டேன். புண் பிளந்து ரத்தம் கொட்டியது. உதட்டில் துணியை அழுத்திக்கொண்டே பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. மறுபடி தைத்துவிட்டுச் சொன்னார்: "புண்ணப் பாக்கத்தான் வரச் சொன்னேன். இத யாரும் பிரிக்க வேண்டாம்மா. முந்தி ஆட்டுக் குடல்ல நூல் செஞ்சாங்க. இது ரசாயனத்துல செஞ்ச புது நூலு. புண்ணு ஆறுத வரைக்கும் பிடிச்சிருக்கும். பொறவு உடம்பு ஈரத்துலயே பைய கரைஞ்சிரும்."

நான் நம்பவில்லை. தினமும் காலையில் அவள் உதட்டை மடக்கிப் பார்த்தேன். ஊதா நூல் இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் நூலே இல்லை. சதை தானாகச் சேர்ந்திருந்தது.

"நூலு எங்கம்மா போச்சு?" என்றாள் மகள்.

எத்தனையோ ஆயிரம் முடிச்சு போட்ட நான், டாக்டரம்மா சொன்னதையே அவளுக்குச் சொன்னேன்.

இப்போதெல்லாம் வீட்டில் யாருக்குத் தையல் போட்டாலும், "இது பிரிக்கணுமா, தானா கரையுமா?" என்று கேட்காமல் ஆஸ்பத்திரிப் படி இறங்குவதில்லை. என் கத்தரி பீடி இலையை மட்டும்தான் வெட்டுகிறது.